பூட்டிய கதவுக்கு முன்னால் போலீஸ்: வீட்டுக்குள் கைது எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் விடிகாலையில் மஃப்டி போலீஸார் நிற்கிறார்கள். உள்ளேயிருந்து ஒருவர் "வக்கீல் வரட்டும், அப்புறம் திறக்கிறேன்" என்கிறார். இப்படி ஒரு காட்சி சென்னையில் எப்போது செய்தியானாலும் உடனே இரண்டு கேள்விகள் கிளம்பும். வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வரலாமா? கதவை உடைக்கலாமா? சமூக ஊடகங்களில் கிடைக்கும் பதில்களில் பாதி அமெரிக்கப் படங்களிலிருந்து வந்தவை, மீதி பழைய சட்டத்திலிருந்து வந்தவை.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டுக்கும் பதில் "ஆம், சில நிபந்தனைகளோடு" என்பதுதான். பூட்டிய கதவு கைதைத் தடுக்காது. ஆனால் இதற்குப் பிறகு இது என்று போலீஸ் ஒரு வரிசையில் நடந்தாக வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது. பின்னால் நீதிமன்றத்தில் வழக்கு நிற்பதும் சரிவதும் பெரும்பாலும் அந்த வரிசையையும் அதைப் பதிந்த காகிதங்களையும் பொறுத்தது.

முதலில் சில சொற்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. கைது அதிகாரம் பழைய 41இலிருந்து 35க்குப் போனது. கைது செய்யும் முறை 46இலிருந்து 43க்கும், வீட்டுக்குள் நுழைவது 47இலிருந்து 44க்கும், 24 மணி நேர வரம்பு 57இலிருந்து 58க்கும் போயின. கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் அறிவிப்பை, கோர்ட் வளாகத்தில் இன்னும் "நாற்பத்தொண்ணு ஏ நோட்டீஸ்" என்று சொல்வதைக் கேட்கலாம். அது இப்போது 35(3).

கைது என்றால் என்ன? 43ஆம் பிரிவின்படி, அதிகாரி அந்த நபரின் உடலைத் தொட வேண்டும் அல்லது நகரவிடாமல் அடைக்க வேண்டும். "சரி, வருகிறேன்" என்று அவரே சொல்லாலோ செயலாலோ உட்பட்டுவிட்டால் தொட வேண்டியதில்லை. ஆக, கைது என்பது நேரில் நடக்கும் உடல் சார்ந்த செயல். வீடியோ அழைப்பில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேமரா முன்னாலேயே இருங்கள்" என்று மிரட்டுவது முழுக்க மோசடி. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. சிக்கியவர்கள் அழைக்க வேண்டிய எண் 1930.

பிடியாணை, அதாவது வாரண்ட், நீதிமன்றம் எழுத்தில் தருவது. அதில் நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும். நிறைவேற்றப்படும் வரையோ நீதிமன்றமே ரத்து செய்யும் வரையோ அது உயிரோடு இருக்கும். "பழைய வாரண்ட், காலாவதியாகியிருக்கும்" என்று அசட்டையாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

வாரண்ட் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

கொலை, கொள்ளை, மோசடி, பாலியல் குற்றம் போன்றவை வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடியவை. "வாரண்ட் காட்டு, அப்போதுதான் திறப்பேன்" என்ற வாதம் இவற்றில் எடுபடாது. அவதூறு போன்ற சில குற்றங்களில் நீதிமன்ற ஆணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது.

நடுத்தர வர்க்க வீடுகளின் கதவு தட்டப்படுவதற்கு ஒரு சாதாரணக் காரணம் செக் பவுன்ஸ் வழக்கு. வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் எழும்பூரோ சைதாப்பேட்டையோ ஜார்ஜ் டவுனோ, எந்தக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறதோ அங்கே பிடிவாரண்ட் பிறக்கும். அதைக் கொண்டுவரும் காவலர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும். கேட்டால் காட்டவும் வேண்டும். அப்போது நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், தந்தை பெயரோடு ஆளின் பெயர், முத்திரை ஆகியவற்றைப் பாருங்கள். பிணை கொடுத்தால் விடலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் ஜாமீன் பத்திரத்தோடு விஷயம் முடிந்துவிடும். பலர் பதற்றத்தில் அதைப் படிப்பதே இல்லை.

கைது செய்யும் அதிகாரம் இருப்பதும் கைது அவசியமாவதும் ஒன்றல்ல. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் ஏன் கைது தேவை என்று அதிகாரி எழுதி வைக்க வேண்டும். ஆதாரத்தை அழிப்பார், சாட்சியை மிரட்டுவார், தலைமறைவாவார் போன்ற காரணங்கள் வேண்டும். காரணம் இல்லாவிட்டால் 35(3) நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் சொன்னது. நோட்டீஸுக்கு மதிப்பளித்து ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், அதற்கும் தனியாகக் காரணம் எழுத வேண்டும்.

கதவுக்கு முன்னால் நடக்க வேண்டிய வரிசை

44ஆம் பிரிவு இப்படிப் போகிறது:

1. தேடப்படுபவர் அந்த இடத்துக்குள் இருக்கிறார் என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். அது அவருடைய வீடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மாமனார் வீடு, நண்பரின் கடை, லாட்ஜ் அறை என்று எந்த இடமும் இதில் அடங்கும்.

2. தான் யார், எந்த அதிகாரத்தில் வந்திருக்கிறார், யாரை எதற்காகத் தேடுகிறார் என்று அதிகாரி அறிவிக்க வேண்டும். கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. மஃப்டியில் வந்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

3. உள்ளே விடச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால் வீட்டில் இருப்பவர் தடையில்லாமல் உள்ளே விட வேண்டும், தேட வசதியும் செய்து தர வேண்டும். இது வேண்டுகோள் அல்ல, சட்டக் கடமை.

4. அப்படியும் திறக்காவிட்டால்தான் உடைத்து நுழையலாம். வெளிக்கதவு, உள்கதவு, ஜன்னல் எதுவானாலும் சரி. கையில் வாரண்ட் இல்லையென்றால் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: வாரண்ட் வாங்கப் போனால் ஆள் தப்பிவிடுவார் என்ற நிலை இருக்க வேண்டும்.

5. உள்ளே, பொதுவில் தோன்றாத வழக்கமுடைய பெண் ஒருவர் இருக்கும் அறை என்றால், கைது செய்யப்பட வேண்டியவர் அவராக இல்லாத பட்சத்தில், அவர் விலகிச் செல்லலாம் என்று சொல்லி, அதற்கு வசதியும் நேரமும் தந்த பிறகே நுழைய வேண்டும்.

6. உள்ளே போன போலீஸாரை வெளியிலிருந்து பூட்டிவிட்டால், தங்களை விடுவித்துக்கொள்ளவும் அவர்கள் உடைக்கலாம்.

தட்டிய பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்? சட்டத்தில் எண் எதுவும் இல்லை. அதனால்தான் அறிவித்த நேரம், கேட்ட நேரம், உடைத்த நேரம் மூன்றையும் குறித்து வைக்கும் அதிகாரி பின்னால் நிம்மதியாக இருக்கிறார். நான்காவது படியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கட்டடத்தின் இரண்டு படிக்கட்டுகளையும் மொட்டைமாடியையும் மறித்துக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை நின்றுவிட்டு, "வாரண்ட் வாங்க நேரமில்லை, தப்பிவிடுவார்" என்று எழுதினால் அந்தக் காரணம் மெலிந்துவிடும். குறுக்கு விசாரணையில் நல்ல வக்கீல் முதலில் இழுப்பது அந்த நூலைத்தான்.

அறிவிப்பு ஏதோ மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவின்படி, பொது ஊழியர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் சட்டப்படி நூறு சதவீதம் சரியில்லை என்றாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமில்லாதவரை, அதை எதிர்த்துத் தற்காப்பு உரிமை பேச முடியாது. ஆனால் வந்தவர் பொது ஊழியர் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரிவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். இரவில் நாலைந்து பேர் ஒன்றும் சொல்லாமல் கதவை இடித்தால், உள்ளே இருப்பவர் திருடர்கள் என்று நினைத்துத் தாக்குவதற்கு இடமுண்டு. அறிவிப்பு வெளியே நிற்பவருக்கும் பாதுகாப்புதான்.

திறக்க மறுப்பவருக்கு என்ன ஆகும்? பொது ஊழியரின் பணிக்கு இடையூறு செய்ததாக அதே நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்தால் 249ஆம் பிரிவு வரும். இதில் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும் விலக்கு உண்டு. அம்மாவுக்கு இல்லை.

ஆளைத் தேடுவது வேறு, பொருளைத் தேடுவது வேறு

செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். நடைமுறைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு ஆளைப் பிடிக்க உள்ளே போவதற்கு. அங்கே கட்டிலுக்கு அடியில் பார்க்கலாம், பீரோவின் லாக்கரைத் திறக்கச் சொல்ல முடியாது. லாக்கருக்குள் ஆள் ஒளிய முடியாதே. ஆவணம், செல்போன், லேப்டாப் என்று பொருள் தேட வேண்டுமானால் 185, 103 ஆகிய பிரிவுகளுக்குப் போக வேண்டும். அங்கே விதிகள் கடுமையானவை. என்ன பொருளை, ஏன் தேடுகிறோம் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எடுத்ததை எல்லாம் பட்டியல் போட்டு மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கி வீட்டுக்காரருக்கு நகல் தர வேண்டும். 105ஆம் பிரிவின்படி முழுவதையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். செல்போனில் எடுத்தாலும் போதும்.

கவனிக்க வேண்டியது, அந்தக் கட்டாய வீடியோ பதிவு சோதனைக்கும் கைப்பற்றலுக்கும் சொல்லப்பட்டது. வெறும் கைதுக்காக உள்ளே நுழைவதை அந்தப் பிரிவின் வாசகம் குறிப்பிடவில்லை. புதிய சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது இக்கட்டுரையின் கருத்து. தகராறு அதிகம் எழுவது கதவு உடையும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். அதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் மிஞ்சுவது அபார்ட்மென்ட் சிசிடிவி மட்டுமே. பல குடியிருப்புகளில் அந்தப் பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து புதியது ஏறிவிடும். தேவைப்படுகிறவர் சங்கச் செயலாளருக்கு உடனே எழுத்தில் கொடுத்து அதைப் பாதுகாக்கச் சொல்ல வேண்டும்.

பெண், முதியவர், சிறுவர்

பெண்ணைக் கைது செய்யும்போது வாய்மொழியாகச் சொன்னாலே அவர் உட்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். சூழ்நிலை வேறு வழியில்லாமல் செய்தால் ஒழிய ஆண் காவலர் அவர் உடலைத் தொடக்கூடாது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான நேரத்தில், பெண் அதிகாரி எழுத்து மூலம் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். இந்த விதி மீறப்பட்டாலே கைது தானாகச் செல்லாததாகிவிடாது, ஆனால் ஏன் மீறினோம் என்று அதிகாரி விளக்க வேண்டும் என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் எடுத்தது. "இரவில் கைது செய்தார்கள், எனவே வழக்கே போச்சு" என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். சென்னை மாநகரில் அது உதவி ஆணையர். 18 வயதுக்குக் கீழ் என்றால் லாக்கப்பே கூடாது. சிறார் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும்.

கை பிடித்த பிறகு

1. கைதுக்கான காரணங்களைச் சொல்ல வேண்டும். அரசமைப்பின் 22(1) பிரிவே இதை உத்தரவாதம் செய்கிறது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். உடனே முடியாத சூழலில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்காக மாஜிஸ்திரேட்டின் முன் ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். சென்னைக்கு இது பெரிய விஷயம். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த ஒடியாக்காரரிடமோ வங்காளிக்காரரிடமோ தமிழில் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது இனி போதாது.

2. கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகவும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் இருந்து சட்டத்துக்கு வந்தது இது.

3. உறவினருக்கோ நண்பருக்கோ எங்கே கொண்டுபோகிறோம் என்று தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கைதானோர் விவரத்தை வைத்திருக்க உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த விவரம் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.

4. உடல் சோதனையில் எடுத்த பர்ஸ், போன், நகைக்கு ரசீது தர வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதனை செய்ய வேண்டும்.

5. விலங்கு எல்லோருக்கும் அல்ல. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலில் இருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள், ஆயுதம், பயங்கரவாதம் போன்ற பட்டியலில் வருபவர் ஆகியோருக்கு மட்டும், குற்றத்தின் தன்மையைப் பார்த்துப் போடலாம். செக் பவுன்ஸ் வாரண்டில் வந்து விலங்கு மாட்டினால் அது தவறு.

விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. விசாரணை முழுவதும் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமை இல்லை. கைதுக்கு முன் வக்கீல் வந்து சேரும் வரை கதவைத் திறக்காமல் இருக்கும் உரிமையும் இல்லை.

எங்கே பிசகுகிறது

தவறான கதவு. சென்னையில் பழைய எண், புதிய எண் குழப்பம் இன்னும் ஓயவில்லை. ஒரே தெருவில் பழைய 14ஆம் எண் வீடும் புதிய 14ஆம் எண் வீடும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். வாரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தட்டினால் அடுத்த வீட்டுத் தாத்தாதான் பயந்து எழுந்து வருவார். பெயரும் அப்படியே. "எஸ். குமார்" என்று ஒரு பகுதியில் பத்துப் பேர் இருப்பார்கள். தந்தை பெயர், வயது, புகைப்படம் மூன்றையும் ஒப்பிடாமல் பிடித்தது தவறான குமாராக இருந்தால் கைதே சட்டவிரோதக் காவலாகிவிடும்.

"சும்மா விசாரணைக்கு." பிசகுகளில் ஆகக் கெட்டது இது. கைது என்ற சொல்லைச் சொல்லாமல் இரவு பத்து மணிக்கு ஜீப்பில் ஏற்றி, மறுநாள் மாலை நான்கு மணிக்குக் கைதானதாகக் குறிப்பாணையில் எழுதுவார்கள். இடைப்பட்ட 18 மணி நேரம் காகிதத்தில் இல்லாமல் போய்விடும். 24 மணி நேரக் கணக்கும் மறுநாள் மாலைதான் தொடங்கும். உண்மையில் விசாரணைக்கு அழைப்பதானால் எழுத்தில் அழைக்க வேண்டும். சாட்சியாக அழைக்கப்படும் பெண்ணையும், 15 வயதுக்குக் கீழான சிறுவனையும், 60 வயதைத் தாண்டிய ஆணையும் வீட்டை விட்டு வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு இந்த இடைப்பட்ட நேரம் பற்றி நீதிமன்றங்கள் அதிகம் கேட்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் சிசிடிவி வைத்து, பதிவைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கச் சொன்னது. குடும்பத்தார் செய்யக்கூடியது எளியது: ஜீப்பில் ஏற்றிய நேரத்தில் வாசலிலிருந்தே ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். நேர முத்திரையோடு கிடைக்கும் அதுவே முதல் ஆவணம்.

ஆள் எங்கே என்று தெரியாமல் போவது. 2022இல் இருந்து சென்னைப் பெருநகரம், ஆவடி, தாம்பரம் என்று மூன்று ஆணையரகங்கள். பல்லாவரத்தில் கதவைத் தட்டியவர்கள் தாம்பரம் ஆணையரகத்தாராக இருக்கலாம், வேப்பேரியிலிருந்து வந்த மத்திய குற்றப் பிரிவாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் உள்ளூர் ஸ்டேஷனில் "எங்களிடம் அப்படி யாரும் இல்லை" என்று சொல்வது பொய்யாக இருக்காது. வந்த அதிகாரியின் பெயர், பிரிவு, வழக்கு எண் மூன்றையும் வாசலிலேயே கேட்டு எழுதிக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

உடனே உடைப்பது. உள்ளே இருப்பவர் சிலிண்டரைத் திறந்துவிடுவேன், குதித்துவிடுவேன் என்று மிரட்டும்போது அவசரப்பட்டால் சேதம் கூடும். அப்போது தீயணைப்புத் துறையை அழைத்து, மின் இணைப்பைத் துண்டிப்பதா, பக்கத்து வீட்டாரை அப்புறப்படுத்துவதா என்று முடிவெடுத்து, உறவினரை வைத்துப் பேச்சுக் கொடுப்பதே சரியான வழி.

24 மணி நேரம்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். அதற்கு முன் ராயப்பேட்டை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனை ஒன்றில் பரிசோதனை நடக்கும். பெண்ணைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். காயம் இருந்தால் எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்ற கணிப்போடு குறிக்க வேண்டும். இந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கு உரியது. கேட்காததால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, இரவு எதுவும் சாக்கு அல்ல. மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவது வழக்கம். அங்கே கேட்கப்படும் "அடித்தார்களா, காரணம் சொன்னார்களா, வீட்டுக்குத் தெரியுமா" என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பின்னால் சொன்னால் "அன்றே ஏன் சொல்லவில்லை?" என்பது எதிர்வாதமாக வரும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

24 மணி நேரம் தாண்டியும் ஆளைக் காட்டாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் முறையான ரிமாண்ட் உத்தரவு வந்துவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபடும். 2023 ஜூனில் அமலாக்கத் துறை, அப்போது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியைச் சென்னையில் கைது செய்த வழக்கில், அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அதன் பிறகு எதிர்க்க வேண்டியது ரிமாண்ட் உத்தரவை, இல்லையென்றால் ஜாமீன் மனு.